காமெல்போர்டுப் பிரபு தாமஸ் பிட்: ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

ஒரே பெயர் பூண்டார் பலராயிருத்தல் வரலாற்று ஆராய்ச்சிக்கு இடர் விளைப்பதொன்றாகும். ஔவையார் என்னும் பெயர் தாங்கியோர் ஒருவரல்லர், பலர் என்பதை நிறுவுதற்கு நம் நாட்டு அறிஞர்கள் எத்துணை முயற்சி மேற்கொண்டனர் என்பதை யாவரும் அறிவர். அத்தகைய இடர் ஆங்கில நாட்டுப் பிட் குடியின் வரலாற்றிலும் உண்டு. அக்குடியில் தாமஸ் பிட் என்னும் பெயருடன் விளங்கினோர் ஒருவர்க்குப்பின் ஒருவராகப் பலராவர். சென்னைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக விளங்கியவர் ஒருவர். அவர்தம் இளைய மக்களுள் லண்டன்டெரிப் பிரபுவாக உயர்ந்தவர் மற்றொருவர். அவர்தம் பெயரர் ஒருவர். அப்பெயரரின் மகன் ஒருவர். அம்மகனுடைய மகன் ஒருவர். இவ்வைவருள் நான்காமவரே இக்கட்டுரைக்குப் பொருளாவார். இவர் கி. பி. 1737 முதல் 1793 வரை வாழ்ந்தவர், கார்ன்வால் நாட்டுப் பெருநிலக்கிழார், பார்லிமெண்டு உறுப்பினர், 1784 ஆம் ஆண்டில் காமெல்போர்டுப் பிரபு என்னும் பட்டம் பெற்றவர்.

இவர் அமைச்சர் தலைவராக வீற்றிருந்தவருமல்லர், போர் வென்றவருமல்லர். ஆயினும், நிலம், தொகுதி, பட்டம் என்னும் மூன்றும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாட்டில் எவ்வாறு பிணைந்து நின்றன என்பதை இவர் வாழ்க்கை தெள்ளிதிற் காட்டுகின்றது. அப்பிணைப்பின் ஒரு முனை நம் சென்னை நகரில் இருத்தலின், இவ்வரலாறு தமிழ் மாணாக்கர்க்கும் தொடர்புடையதே. இவரைப் பற்றி வழங்கும் கூற்றுக்களுள் ஒன்று காலவரிசைக்கு மாறானது. மற்றொன்று உண்மையேயாயினும் பொருள் பிறழ உணரப்படுவது. அவ்விரண்டையும் ஆராய்ந்து தெளிதலே நம் நோக்கமாகும்.

குடிவழியும் பொருள்வழியும்

குடிமுதல்வராகிய ஆளுநர் தாமஸ் பிட் 1653 இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறி, வங்கக் கடற்கரையில் பாலசோர் முதலிய இடங்களில் தாமே வாணிகம் நடத்தினார். கம்பெனியார் அவரைத் தடுக்கவும் தண்டிக்கவும் முயன்று களைத்தனர். இறுதியில் அவரையே தம்மவராக்கிக் கொள்ளுதல் நன்றெனக் கண்டு, சென்னைக்கு ஆளுநராக அனுப்பினர். 1698 முதல் 1709 வரை அவர் அப்பதவியில் இருந்தார்.

அவர் காலத்துச் சென்னை வரலாறு நாம் ஓரளவு அறிந்ததே. 1702 இல் தாவுத்கான் கோட்டையைச் சில திங்கள் முற்றுகையிட்டுப் பின்னர்ப் பொருள் பெற்று மீண்டான். 1707 இல் வலங்கை இடங்கைப் பூசல் மூண்டு, வலங்கையார் பலர் நகரை விட்டுச் சாந்தோமுக்கு அகன்றனர். அவர்களை மீட்டுக்கொணர்தற்கு ஆளுநர் பெரிதும் பாடுபட வேண்டியதாயிற்று. 1708 இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்னும் ஐந்து ஊர்கள் கம்பெனியார் கைக்கு வந்தன. இன்று சென்னை மாநகரின் பகுதிகளாக விளங்கும் இவ்வூர்கள், அவர் காலத்தில் கம்பெனி நிலத்தோடு சேர்ந்தவையே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அவர் பெயரை உலகறியச் செய்தது ஒரு வைரமாகும். கோல்கொண்டா நாட்டில் எடுக்கப்பட்ட, 410 காரட்டு நிறையுள்ள பட்டை தீட்டாத அக்கல்லை, ஜாம்சந்த் என்னும் வணிகன் சென்னைக்குக் கொணர்ந்தான். அவன் முதலில் கேட்ட விலை 2,00,000 வராகன். பேரம் நடந்து 48,000 வராகனுக்கு விலை முடிந்தது. 1702 இல் ஆளுநரின் மூத்த மகன் இராபர்ட் அதனை இங்கிலாந்திற்கு எடுத்துச் சென்றான். பட்டை தீட்டியபின் ஏறத்தாழ 140 காரட்டாகச் சுருங்கிய அக்கல்லை, 1717 இல் பிரான்சு நாட்டின் அரசப் பிரதிநிதியாகிய ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுனுக்கு வாங்கினார். அது இன்று பாரிசு நகரத்து லூவ்ர் காட்சிச்சாலையில் உள்ளது. அக்கல் நேர்மையற்ற வழியில் கிடைத்ததென எழுந்த அலரை மறுத்து, ஆளுநர் தாயகம் திரும்பும் வழியில் 1710 இல் நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் இருந்து எழுதிய வாக்குமூலமும் உண்டு.

வைரமும் தொகுதியும்: காலவரிசை ஆய்வு

'பிட் குடியினர் பார்லிமெண்டு புகுந்தது அவ்வைரத்தினால்' என்பது பலர் கூறும் கூற்று. இது பொருந்துமா எனக் காண்போம்.

பிட் குடியினரின் பார்லிமெண்டு வாயிலாக அமைந்தது ஓல்டு சேரம் என்னும் தொகுதி. சால்ஸ்பரி நகருக்கு வடக்கே உள்ள ஒரு மேடே அது. பண்டு அரணும், நார்மானியர் கட்டிய கோட்டையும், பெருங்கோயிலும் அங்கு இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருங்கோயில் கீழேயுள்ள சமவெளிக்கு மாற்றப்படவே, மக்களும் அங்குக் குடியேறினர். புதிய சால்ஸ்பரி தோன்றியது. பழைய மேடு பாழாயிற்று. ஊர் மறைந்தும் உரிமை மறையவில்லை. அம்மேட்டைச் சார்ந்த சில பழைய மனைகளின் உரிமையாளர் சிலர் கூடி, பார்லிமெண்டிற்கு இருவரைத் தேர்ந்தனுப்பும் வழக்கம் 1832 வரை நின்று நிலவியது. மனைகள் அனைத்தும் ஒருவர் கையில் இருப்பின், தேர்தல் என்பது அவர்தம் விருப்பை எழுத்தில் பொறிக்கும் சடங்கேயன்றி வேறில்லை.

இத்தொகுதியைத் தாமஸ் பிட் வாங்கியது 1691 இல். அவர் ஆளுநராகச் சென்னைக்கு வந்தது 1698 இல். வைரம் கைக்கு வந்தது அதற்கும் பின்னர். எனவே, ஓல்டு சேரம் வைரத்தின் விலையால் வந்ததென்பது காலவரிசைக்கு மாறானது. அதனை வாங்கிய காலத்தில் அவர் கம்பெனியை மீறி வாணிகம் செய்து பொருளீட்டியவராகவே இருந்தார். கார்ன்வால் நாட்டுப் பொக்கனாக் என்னும் பெருநிலத்தின் செய்தி வேறு. 1712 இல் இரட்டையர் போரில் மடிந்த மோகன் பிரபுவின் மனைவியாரிடமிருந்து அந்நிலம் வாங்கப்பெற்றது, வைரம் விற்ற காலத்தை ஒட்டியேயாகும். ஆதலின், தொகுதி வைரத்திற்கு முந்தியது, நிலம் வைரத்தோடு ஒட்டியது எனப் பிரித்துணர்தலே முறை. ஆளுநர்க்குச் சென்னை வாணிகத்தால் வந்த பிற ஊதியமும் மிக்கிருந்தமையின், நிலத்தின் விலை முழுவதும் வைரப் பொருளே என்று துணிதலும் ஆகாது.

இளமையும் கல்வியும்

நம் தாமஸ் பிட் 1737 மார்ச்சு 3 ஆம் நாள் பொக்கனாக்கில் பிறந்தார். தந்தையார் ஆளுநரின் பெயரராகிய தாமஸ் பிட். தாயார் லிட்டில்டன் குடியில் வந்த கிறித்தியன் அம்மையார். தந்தையாரின் உடன்பிறந்த தம்பியே, பிற்காலத்தில் சாத்தம் பிரபு எனப் புகழ்பெற்ற மூத்த வில்லியம் பிட். அவ்வில்லியம் 1735 இல் முதன்முதல் பார்லிமெண்டு புகுந்ததும் ஓல்டு சேரத்தின் வழியாகவே.

தந்தையார் வேல்ஸ் இளவரசர் பிரடெரிக்கின் சார்பில் கார்ன்வால் தேர்தல்களை நடத்தியவர். இளவரசர் அரியணை ஏறும் நாளை எண்ணிப் பெரும் பொருளைச் செலவிட்டார். 1751 இல் இளவரசர் காலமாகவே, செலவும் வீணாயிற்று, எதிர்பார்ப்பும் பொய்த்தது. கடன் சூழ அவர் அயல்நாடு செல்லவும் நேர்ந்தது. தொகுதிகளைச் செல்வமாக எண்ணியவர் அச்செல்வத்தினாலேயே வறியரானார் என்பது நோக்கத்தக்கது.

தந்தையாரின் நிலை இவ்வாறாக, மகனின் கல்வியில் கருத்தூன்றியவர் சிற்றப்பாவே. தாமஸ் கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரியில் பயின்ற நாளில் வில்லியம் பிட் எழுதிய மடல்கள் பின்னர் 1804 இல் நூலாக வெளிவந்தன. ஓமரையும் வர்ஜிலையும் கவிதை இன்பத்திற்காக மட்டுமன்றி, மானம், வீரம், தன்னலமின்மை ஆகியவற்றைக் கற்பிக்கும் நூல்களாகவும் பயில வேண்டும் என அவை அறிவுறுத்துகின்றன. பெரியோரிடத்தும் ஏவலரிடத்தும் ஒழுகும் முறையினையும் உரைக்கின்றன. அவற்றைப் படிப்போர், பின்னாளில் அவ்விருவரிடையே பிளவு தோன்றியது என்பதை நம்புதல் அரிது.

1760 இல் தாமஸ், தூதராகச் சென்ற கின்னோல் பிரபுவுடன் லிஸ்பன் நகரை அடைந்து, போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளைச் சுற்றிக் கட்டடக் கலையைக் குறித்துக் குறிப்பேடு எழுதினார். பின்னர் இத்தாலிக்குச் சென்றார். 1761 இல் தந்தையார் இறந்த செய்தி கேட்டு மீண்டு, நிலத்திற்கும் கடனுக்கும் ஒருங்கே உரியவரானார்.

பார்லிமெண்டு வாழ்வு

1761 இல் ஓல்டு சேரத்தின் உறுப்பினரானார். 1768 முதல் 1774 வரை ஓக்ஹாம்டன் தொகுதிக்கும், அதன்பின் பிரபுவாகும் வரை மீண்டும் ஓல்டு சேரத்திற்கும் உறுப்பினராக இருந்தார். ஜார்ஜ் கிரென்வில் அமைச்சரவையில் 1763 முதல் 1765 வரை கடற்படைத் துறை உறுப்பினராகப் பணிபுரிந்தார். கிரென்விலைப் பின்பற்றியமையால் சிற்றப்பாவின் அன்பை இழந்தார். 1781 இல் தம் மகனுக்கென இவர் எழுதிவைத்த குடும்ப வரலாற்றுக் குறிப்பில் சாத்தம் பிரபுவைப் பற்றிய பகுதி கடுமையுடையது. அக்குறிப்பு குடியின் உட்செய்திகளை அறிதற்குப் பெருந்துணையாவதே. எனினும், மனக்கசப்புற்றவர் எழுதியதென்பதை மறவாது அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

சாத்தம் பிரபுவைக் குறித்தும் ஒன்று கூறுதல் தகும். 1770 இல் பிரபுக்கள் சபையில் அவர், ஆசியாவிலிருந்து வந்து குவியும் செல்வம் பார்லிமெண்டைக் கெடுக்கின்றதென்றும், நிலத்தொடு தொடர்பற்றோர் அயல்நாட்டுப் பொன்னைக் கொண்டு உறுப்பினராகின்றனர் என்றும் முறையிட்டார். அங்ஙனம் முறையிட்டவர் சென்னை ஆளுநரின் பெயரர். கீழ்நாட்டு வாணிகப் பொருளால் வாங்கிய தொகுதியின் வழியே பொதுவாழ்வு புகுந்தவர். மூன்று தலைமுறைக்குள் வாணிகப் பொன் நிலமாகி, நிலம் பழங்குடிப் பெருமையாகி, அப்பெருமை புதிய வாணிகப் பொன்னைப் பழிக்கும் அளவிற்கு உயர்ந்துவிட்டது.

தாமஸ் பிட் நார்த் பிரபுவின் அமைச்சரவையை எதிர்த்தவர். 1781 இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை அடிபணிந்த செய்தி வந்தபின், அரசாங்கத்திற்குப் பொருள் வழங்குதலை நிறுத்திவைக்க வேண்டும் என வாதிட்டார். 1783 இல் பாக்ஸும் நார்த்தும் கூடி அமைச்சரவை அமைத்தபோது அக்கூட்டினையும் எதிர்த்தார்.

1783 ஆம் ஆண்டுப் பேச்சு

இவர் வாழ்வில் ஆராய்ச்சிக்கு உரிய நிகழ்ச்சி, பார்லிமெண்டுச் சீர்திருத்தம் பற்றியது. சாத்தம் பிரபுவின் மகனும் இவர்க்குத் தம்பி முறையினருமாகிய இளைய வில்லியம் பிட் 1782 மே திங்களில் சீர்திருத்தம் நாடி ஒரு தீர்மானம் கொணர்ந்தபோது, தாமஸ் அதனை எதிர்த்தார். மறு ஆண்டு அதே திங்களில் இளைய பிட் வேறு வகையில் அமைந்த தீர்மானங்களைக் கொணர்ந்தபோது, தாமஸ் அவற்றை ஆதரித்ததோடு, தம் தொகுதியாகிய ஓல்டு சேரத்தைப் பொதுநலத்தின்பொருட்டு விட்டுக்கொடுக்க ஒருப்படுவதாகவும் கூறினார். அவ்விரு இடங்களையும் இங்கிலாந்து வங்கியார்க்கு அளிக்கலாம் எனவும் ஒரு வழி காட்டினார். தீர்மானம் தோல்வியுற்றது, தொகுதி அவரிடமே நின்றது.

இதனைப் பெருந்தியாகம் என்பாரும் உளர். தோல்வி உறுதியென அறிந்து கூறிய வெற்றுரை என்பாரும் உளர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா என்பது நம் கருத்து. தந்தையார் தொகுதிகளால் பட்ட துன்பத்தைக் கண்ணாரக் கண்டவர் இவர். பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுப்பதாக நிறைந்த அவையில் கூறுதல் எளிதன்று. ஆதலின், அச்சொல்லை வஞ்சகம் எனக் கொள்ளற்குச் சான்றில்லை.

ஆயினும், அச்சொல்லின் உள்ளே பொதிந்து கிடக்கும் கருத்தை நோக்குக. தம்முடையதாகிய ஒன்றையே ஒருவர் விட்டுக்கொடுக்க இயலும். நாட்டின் சட்டம் இயற்றும் அவையில் இரண்டு இடங்கள் தம் உடைமை என்பதில் அவர்க்கு ஐயமில்லை, கேட்டோர்க்கும் ஐயமில்லை. அவற்றை வங்கியார்க்கு அளிக்கலாம் எனக் கூறியதும் இதனையே வலியுறுத்தும். உடைமை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறுமேயன்றி, மக்களிடம் சென்று சேராது. அந்நாளில் மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற தொழில் நகரங்கட்குத் தனி உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆளில்லா மேட்டிற்கு இருவர் இருந்தனர். தாமஸ் பிட்டின் நன்மனம் இம்முறையின் கேட்டைக் கண்டது. அதன் வேரைக் காணவில்லை. ஒருவர் நல்லவராயிருத்தலும், அவர் நின்ற முறை நல்லதாயிருத்தலும் வேறு வேறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பிரபுப் பட்டம்

1783 நவம்பரில் பாக்ஸ் கொணர்ந்த இந்திய மசோதா, கம்பெனியின் ஆட்சியைப் பார்லிமெண்டு அமர்த்தும் ஆணையாளரிடம் ஒப்புவிக்க முயன்றது. தாமஸ் பிட் அதனை எதிர்த்தார். பொதுமக்கள் சபையில் நிறைவேறிய அம்மசோதா, அரசர் மூன்றாம் ஜார்ஜின் விருப்பம் வெளிப்பட்டதனால் டிசம்பரில் பிரபுக்கள் சபையில் வீழ்ந்தது. அமைச்சரவை நீக்கப்பட்டது, இருபத்துநான்கு வயதினராகிய இளைய பிட் அமைச்சர் தலைவரானார். அடுத்த திங்களிலேயே, 1784 சனவரி 5 ஆம் நாள், தாமஸ் பிட் காமெல்போர்டுப் பிரபுவாக உயர்த்தப்பட்டார். உறவும், கட்சித் துணையும், நிலமும், தொகுதிச் செல்வாக்கும் ஒருங்கு கூடி அளித்த பட்டம் அது.

இந்திய ஆட்சியொடு இக்குடியின் தொடர்பு இத்துடன் முடியவில்லை. இவர்தம் மகள் ஆன் 1792 இல் வில்லியம் கிரென்வில் பிரபுவை மணந்தார். அக்கிரென்வில், 1784 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக அக்காலத்தில் இருந்தவர். 1806 இல் அமைச்சர் தலைவரானவர்.

நிலமும் கலையும்

அரசியலினும் இவர் உள்ளம் கலையிலேயே பெரிதும் தோய்ந்திருந்தது. ஹோரஸ் வால்போலின் நண்பராகி, ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையின் அமைப்பில் பங்கு கொண்டார். ஸ்டோ பெருந்தோட்டத்தில் இன்றும் நிற்கும் கொரிந்தியப் பாணி வளைவு, 1765 அளவில் இவர் வரைந்த அமைப்பின்படி எழுந்ததாகும். 1771 இல் தம் தாய்மாமன் ரிச்சர்ட் லிட்டில்டனின் நினைவாகப் பொக்கனாக்கில் உயர்ந்த கற்றூண் ஒன்றை நிறுவினார். பின்னாளில் பெரும் புகழெய்திய கட்டடக் கலைஞர் ஜான் சோனை, அவர் இத்தாலியில் மாணவராயிருந்த நாளிலேயே அறிந்து ஆதரித்தவர் இவர். சோன் 1788 இல் இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராக அமர்ந்தார்.

இவர் நிலத்தில் ஒரு புதுத்தொழிலும் பிறந்தது. பிளிமத் நகரத்து மருந்து வணிகராகிய வில்லியம் குக்வொர்த்தி, சீனப் பீங்கானுக்குரிய வெண்களிமண்ணும் கல்லும் கார்ன்வாலில் இவர்தம் நிலத்தில் கிடைத்தலைக் கண்டார். 1768 இல் குக்வொர்த்தி காப்புரிமை பெற்றுத் தொழில் தொடங்கியபோது, தாமஸ் பிட் பங்காளராகிப் பொருளுதவி செய்தார். தொழில் பின்னர்ப் பிரிஸ்டலுக்கு மாறி, ரிச்சர்ட் சாம்பியன் என்பார் கைக்குச் சென்றது. பீங்கான் தொழிலில் ஊதியம் நிலைக்கவில்லையாயினும், கார்ன்வால் களிமண் பின்னர் நெடுங்காலம் அந்நாட்டின் பெருஞ்செல்வமாயிற்று.

இறுதியும் வழித்தோன்றலும்

உடல்நலம் குன்றியவராய் இறுதியாண்டுகளைப் பெரும்பாலும் அயல்நாட்டில் கழித்த காமெல்போர்டுப் பிரபு, 1793 சனவரி 19 ஆம் நாள் பிளாரன்சு நகரில் காலமானார். உடல் பொக்கனாக்கிற்குக் கொணரப்பட்டது. மகனாகிய இரண்டாம் பிரபு அடங்காத இயல்பினர். 1801 இல், சமயக்குரவராக இருந்த ஹார்ன் டூக்கு என்னும் சீர்திருத்தக்காரரை ஓல்டு சேரத்தின் உறுப்பினராக்கி அவையைத் திகைக்கச் செய்தார். 1804 இல் நண்பர் ஒருவரொடு நிகழ்த்திய துப்பாக்கிப் போரில் மகப்பேறின்றி மடிந்தார். பட்டமும் அவரோடு மறைந்தது. நிலம் தமக்கையார் கைக்குச் சென்றது. மோகன் பிரபு இரட்டையர் போரில் மடிந்ததால் பிட் குடிக்கு வந்த நிலம், மற்றோர் இரட்டையர் போரால் அக்குடிப் பெயரைவிட்டு நீங்கியது. 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் ஓல்டு சேரம் தொகுதி ஒழிந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ஓல்டு சேரம் வைரத்தால் வந்ததென்னும் கூற்று பொருந்தாதென்பதும், 1783 ஆம் ஆண்டுப் பேச்சு உண்மையானதேயாயினும் தொகுதியை உடைமையாகக் கருதிய மனப்பான்மையினின்று விடுபட்டதன்று என்பதும் விளங்கும்.

மற்றொன்றும் நாம் கருதற்பாலது. ஆங்கில ஆசிரியர் இக்குடியின் வரலாற்றை எழுதும்போது, சென்னையை முன்னுரையில் ஒரு பக்கமாக வைத்து மேற்செல்கின்றனர். சென்னை வரலாறு எழுதும் நாமோ, ஆளுநர் கப்பலேறிய நாளோடு அவர் கதையை முடித்து விடுகின்றோம். இரண்டையும் இணைத்துக் காண்பார் சிலரே. ஆளுநரின் கணக்கில் ஏறிய ஒவ்வொரு வராகனுக்குப் பின்னும் சென்னைத் தறிகளும் துறைமுகமும் இருந்தன. அதன் முன்னே கார்ன்வால் மாளிகையும் லண்டன் அவையும் இருந்தன. வலங்கை இடங்கைப் பூசலில் ஊரைவிட்டு அகன்று தம் கருத்தை உணர்த்திய சென்னை மக்களுக்கு அவ்வவையில் ஓர் இடமும் இல்லை. ஆடு மேயும் மேட்டிற்கு இரண்டு இடம் இருந்தது. இவ்வுண்மையை உளங்கொண்டு, கம்பெனிக் காலத்து ஆளுநர் ஒவ்வொருவரின் பொருளும் எங்குச் சென்று என்னவாயிற்று என்பதை நம் ஆராய்ச்சி மாணாக்கர் தேடிக் காண்பாராயின், சென்னை வரலாறும் ஆங்கில நாட்டு வரலாறும் ஒருங்கே தெளிவுபெறும்.